மட்டக்களப்பிலிருந்து ஒரு குற்றக்கதைத் தொகுப்பு: எந்த வழி தோது?

கிழக்கில் கவிதைத் தொகுப்புப் போடுவதென்றால் யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. சிறுகதைத் தொகுப்பும் அப்படித்தான். குற்றக்கதை என்று சொன்னால்தான் கூட்டத்தில் ஆளுக்காள் முகம் பார்க்கிறார்கள். "அதெல்லாம் இலக்கியமா தம்பி?" என்று கேட்கும் சேர் ஒருவர் எல்லா எழுத்தாளர் வட்டத்திலும் இருப்பார். அந்த விவாதம் இங்கே வேண்டாம். எங்கள் வட்டம் போடுவதென்றே முடிவெடுத்துவிட்டது. எப்படிப் போடுவது என்பதில்தான் இழுபறி. கைவசம் இருந்த வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் எனக்குப் பட்டதை எழுதுகிறேன். திருகோணமலையிலோ மன்னாரிலோ இதே வேலையைத் தொடங்குகிறவர்களுக்கு உதவினால் சந்தோஷம்.

ஒவ்வொரு வழியையும் நான் ஒரே கேள்வியால்தான் அளந்தேன். "இது இந்த ஊரில் இப்படி நடக்காதே" என்று சொல்லக்கூடிய எத்தனை பேர் கையால் ஒரு கதை போய் அச்சுக்கு ஏறும்? காதல் கதையில் சின்னத் தகவல் பிழைத்தால் வாசகர் மன்னித்துவிடுவார். குற்றக்கதையில் பஸ் நேரம் பிழைத்தாலே கொலைகாரன் தப்பிவிடுகிறான், கதை விழுந்துவிடுகிறது.

மட்டக்களப்பு மட்டுமா, அம்பாறையும் சேர்த்தா?

மாவட்டத்தோடு நிறுத்தினால் வேலை இலகு. எல்லோரும் கூட்டத்துக்கு வந்து போகலாம். கலாசாரப் பிரிவில் உதவி கேட்பதென்றாலும் ஒரே கந்தோர்.

ஆனால் அம்பாறை தனி மாவட்டமானதே 1961இல்தான். அதற்கு முன்னர் அதுவும் மட்டக்களப்புத்தான். வடக்கே வெருகல், தெற்கே குமுக்கன் ஆறு என்று பழைய ஆட்கள் எல்லை சொல்வார்கள். களுவாஞ்சிக்குடியில் இருப்பவர் சாமான் வாங்கக் கல்முனைக்குப் போகிறார், கல்முனையில் இருப்பவர் நோயாளியைக் கூட்டிக்கொண்டு மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு வருகிறார். கதையில் ஒருவன் தப்பி ஓடினால் மாவட்ட எல்லையிலுள்ள பெரியநீலாவணையோடு நின்றுவிடப் போவதில்லை.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. மாவட்டத்தோடு நிறுத்தினால் காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி உள்ளே வரும். ஆனால் முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில் எழுத்தாளர்கள் வெளியே நிற்பார்கள். தமிழர் மட்டும் கூடி எழுதினால் கள்ளனும் கடத்தல்காரனும் பக்கத்து முஸ்லிம் ஊர்க்காரனாக வந்து விடும் ஆபத்து உண்டு. அந்தப் பக்கம் மட்டும் கூடி எழுதினாலும் இதே கதைதான். இரண்டு பக்கத்தாரும் ஒரே மேசையில் இருந்தால் அப்படிப்பட்ட கதை முதல் வாசிப்பிலேயே மாட்டிக்கொள்ளும். எனவே கரையோரம் முழுவதையும் சேர்ப்பதற்கே என் வாக்கு. கூட்டத்தை ஒரு மாதம் மட்டக்களப்பிலும் அடுத்த மாதம் கல்முனையிலும் வைக்கலாம். இடைத்தூரம் கிட்டத்தட்ட 40 கிலோமீற்றர், பஸ்ஸுக்கும் குறைவில்லை.

கதை எங்கிருந்து வரும்?

இங்கேதான் அதிகம் சண்டை பிடித்தோம். மூன்று வழிகள் பேச்சில் இருந்தன.

ஒன்று, பகிரங்க அழைப்பு. பேஸ்புக்கில் போடுவது, பத்திரிகைக்கு ஒரு சின்னச் செய்தி கொடுப்பது, வட்ஸ்அப்பில் சுற்ற விடுவது. இதன் நன்மையை மறுக்க முடியாது. வாகரையில் படிப்பிக்கும் ஒருவரோ திருக்கோவிலில் வேலை செய்யும் ஒரு தாதியோ நாங்கள் நினைத்தே பாராத ஒரு கதையை அனுப்பக்கூடும். ஆனால் பெட்டிக்குள் விழுவதில் பெரும்பங்கு, ஏற்கெனவே எழுதி வைத்த குடும்பக் கதையின் கடைசிப் பக்கத்தில் ஒரு பிணத்தைச் சேர்த்து அனுப்பியதாக இருக்கும். வேண்டாம் என்று சொல்வதும் இங்கே லேசில்லை. இன்றைக்குக் கதை திருப்பி அனுப்பப்பட்டவர் நாளைக்குக் கலியாண வீட்டில் பக்கத்துக் கதிரையில் இருப்பார். போட்டி வைத்துப் பரிசு கொடுத்தால் இன்னும் சிக்கல். பரிசு வாங்கிய கதையில் கை வைக்க ஆசிரியர் விட மாட்டார். "முதற்பரிசு கொடுத்ததே நீங்கள்தானே" என்பார், அதிலும் நியாயம் இருக்கிறது.

இரண்டாவது, பெயர் உள்ளவர்களிடம் கேட்டு வாங்குவது. அட்டையில் பத்துத் தெரிந்த பெயர் இருந்தால் புத்தகம் நகரும், வெளியீட்டு விழாவுக்கு மண்டபமும் நிறையும். ஆனால் பெயர் உள்ளவர் கையில் இருப்பதைத்தான் தருவார். தந்ததைத் திருத்துவது யார்? "சேர், உங்கட கதையில மூன்றாம் பக்கத்திலேயே கொலைகாரன் யாரென்று தெரியுது" என்று சொல்லும் துணிவு எங்கள் வட்டத்தில் எவருக்கும் இல்லை. அவரிடம் படித்தவர்கள்தான் பாதிப் பேர்.

மூன்றாவது, வட்டத்துக்குள்ளேயே எழுதி, கூடி இருந்து வாசித்து, கிழித்து, மறுபடி எழுதுவது. இது நத்தை வேகம். இருவர் இடையில் கழன்று போவார்கள். எழுத்து எல்லாம் ஒரே சாயலாகிவிடும் என்ற பயமும் உண்டு, எல்லோரும் ஒருவரையொருவர் வாசித்து வாசித்துப் பழகியவர்கள் அல்லவா.

இருந்தும் நான் மூன்றாவது வழியின் பக்கம். காரணத்தை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். வட்டத்தில் ஒரு தங்கச்சி வாசித்த கதையில், கொலை செய்தவன் நள்ளிரவில் குருமண்வெளியிலிருந்து பாதையில் ஏறி மண்டூருக்குப் போய்விடுகிறான். கிழக்குக்கு வெளியே இருப்பவர்களுக்கு: வாவியைக் கடக்க ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போகும் தட்டையான படகைத்தான் இங்கே பாதை என்கிறோம். கதை முடிந்ததும் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கத்து அக்கா ஒருவர் சொன்னார்: "அந்த நேரத்தில பாதை ஓடாது கா. தோணி எடுத்துத்தான் போகணும். மறுகா தோணிக்காரனுக்குத் தெரியாமலா இருக்கும்?"

அவ்வளவுதான். கதைக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டான். அந்தத் தோணிக்காரன் ஏன் வாய் திறக்கவில்லை என்பதே அடுத்த எழுத்தில் கதையின் நடுத்தண்டாகிவிட்டது. பகிரங்க அழைப்பில் வந்த கதையாக இருந்தால் அந்தப் பிழை அப்படியே அச்சாகியிருக்கும், அல்லது கதை நிராகரிக்கப்பட்டிருக்கும். இரண்டும் நட்டம்.

இந்த நிலத்துக்கே உரிய கதை முடிச்சுகள் இப்படிக் கூடி இருந்து கதைக்கும்போதுதான் வெளியே வருகின்றன. மாரியில் வாவி நிரம்பி ஊருக்குள் தண்ணீர் ஏறினால் வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டி விடுவார்கள். நீர்மட்டம் இறங்கும். இறங்கினால் கண்ணாக்காடுகளுக்குள் (கரையோரச் சதுப்புக் காடுகள்) மறைத்து வைத்த எதுவும் வெளியே தெரியும். எப்போது வெட்டுவார்கள் என்பது கொலைகாரனுக்குத் தெரியாது. காத்தான்குடியிலோ சாய்ந்தமருதிலோ ஒரு மௌத் (மரணம்) நடந்தால் ஜனாஸாவை (உடலை)ச் சீக்கிரம் அடக்க வேண்டும் என்று குடும்பம் அவசரப்படும். சந்தேகத்தால் பிரேத பரிசோதனை தாமதமானால் வைத்தியசாலை வாசலில் கூடும் கூட்டமே ஒரு காட்சி. வெல்லாவெளிப் பக்கம் வேளாண்மைக் காவலுக்குப் போனவர் செத்துக் கிடந்தால் ஊர் முதலில் சொல்வது "யானை அடிச்சிட்டு" என்றுதான். யானைதானா, யானைக்கென்று கள்ளமாக இழுத்த மின்கம்பியா, அல்லது வேறா? பெண் பிள்ளைக்கு வீட்டையும் காணியையும் சீதனமாக எழுதும் வழக்கம் உள்ள ஊர்களில், காணி உறுதிப் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்பது கத்தியைவிடக் கூரான விஷயம். இதையெல்லாம் தனியே இருந்து யோசித்து எடுப்பது கஷ்டம்.

ஆகவே என் யோசனை: 12 கதைகள். எட்டு வட்டத்துக்குள்ளே இருந்து. நான்கு இடத்தை வெளிக்கு விடலாம், ஆனால் முழுக் கதை கேட்காமல் ஒரு பக்கச் சுருக்கம் கேட்பது. சுருக்கம் பிடித்திருந்தால் அவரையும் வாசிப்பு மேசைக்குக் கூப்பிடுவது. பெயர் உள்ள சேரிடம் கதைக்குப் பதில் முன்னுரை கேட்கலாம், மரியாதைக்கும் குறைவில்லை.

துப்புத் துலக்குவது யார்?

தமிழ்நாட்டு மாத நாவல்களை வாசித்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் பேனாவை எடுத்தவுடன் கமிஷனரும் எஃப்.ஐ.ஆரும் சி.பி.ஐ.யும் வந்து விழுகிறார்கள். இங்கே பொலிஸில் கமிஷனர் என்ற பதவியே இல்லை. நிலையத்துக்குப் பொறுப்பதிகாரி, அவருக்கு மேலே உதவிப் பொலிஸ் அத்தியட்சகர், அப்படியே பொலிஸ் மா அதிபர் வரை போகும். பொலிஸிடமிருந்து நீதவானுக்குப் போகும் விசாரணை அறிக்கைக்குப் பெயர் பி அறிக்கை. கைதானவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். கொலைச் சந்தேகநபருக்குப் பிணை வேண்டுமென்றால் மேல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். மரண தண்டனை தீர்ப்பாக வரும், ஆனால் 1976க்குப் பிறகு இலங்கையில் அது நிறைவேற்றப்பட்டதில்லை. "கடைசியில் அவன் தூக்கில் தொங்கினான்" என்று முடிக்க ஆசைப்படுபவர் கதையை அதற்கு முந்திய காலத்தில் வைக்க வேண்டும்.

இதில் மூன்று தெரிவுகள். பொலிஸ்காரரை நாயகனாக வைத்தால் விசாரணை நேராக ஓடும். ஆனால் எங்கள் வாசகர்களில் பலருக்கு பொலிஸ் நிலையம் நம்பிக்கையோடு படியேறும் இடமாக இருந்ததில்லை. தமிழில் சொன்ன முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்பட்டு, வாசிக்கத் தெரியாமல் கையெழுத்து வைத்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அந்தச் சிக்கலைத் தொடாமல் ஒரு வீரப் பொலிஸ்காரரைக் காட்டினால் வாசகர் சிரித்துவிடுவார். தொட்டுக்கொண்டு எழுதினால் அருமையான கதை வரும், ஆனால் அதற்குத் தேர்ந்த கை வேண்டும்.

துப்பறிபவரே இல்லாமல் குற்றவாளியின் பக்கமிருந்து சொல்வது இரண்டாவது. ஒன்றிரண்டு கதைக்குச் சரி. பன்னிரண்டும் அப்படியே வந்தால் மூச்சு முட்டும்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது. ஊருக்குள்ளேயே விசாரிக்கும் உரிமை உள்ள ஓர் ஆளைப் பிடிப்பது. கிராம சேவகருக்கு எல்லா வீட்டுப் படலையும் திறக்கும். அவரைவிடத் தோதானவர் திடீர் மரண விசாரணை அதிகாரி. பத்திரிகைச் செய்தியில் தினமும் வருகிற ஆள்: "சம்பவ இடத்துக்குச் சென்று சடலத்தைப் பார்வையிட்ட திடீர் மரண விசாரணை அதிகாரி, பிரேத பரிசோதனைக்கு உத்தரவிட்டார்". அநேகமாக அதே பகுதிக்காரர். செத்தவரையும் தெரியும், செத்தவரின் எதிரியையும் தெரியும். பொலிஸ் உடுப்பு இல்லை, ஆனால் கேள்வி கேட்கலாம்.  எனக்குத் தெரிந்தவரை இவ்வளவு நாளும் எங்கள் ஆட்கள் யாரும் இவரைப் பெரிதாகப் பயன்படுத்தாததுதான் எனக்கு ஆச்சரியம். பன்னிரண்டு கதையிலும் இவரையே வைக்க முடியாது என்பது வேறு விஷயம், ஏற்கெனவே மூன்று பேர் பங்கு கேட்டுவிட்டார்கள்.

யுத்தத்தையும் உண்மை வழக்கையும் என்ன செய்வது?

"யுத்தம் வேண்டாம், வெறும் குற்றம் மட்டும்" என்று ஒரு பகுதி. "2009க்கு முன்னர் நடக்கும் கதையில் யுத்தம் இல்லாமல் எப்படி?" என்று இன்னொரு பகுதி. தடை போடுவது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஒரு நிபந்தனை வேண்டும். குற்றக்கதை கடைசிப் பக்கத்தில் விடை தருவதாக வாசகருக்கு வாக்குக் கொடுக்கும் வகை. காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தை வைத்துக்கொண்டு இன்றைக்கும் தாய்மார் தெருவோரம் இருக்கிறார்கள். அந்த மகனின் கதையை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் கெட்டித்தனமாக முடிச்சவிழ்த்து விடுவது அநியாயம். அப்படிப்பட்ட கதை விடையில்லாமலே முடியட்டும்.

அண்மையில் நடந்த உண்மைச் சம்பவத்தை எடுப்பதா, முழுக்கக் கற்பனையா என்பதும் இதோடு ஒட்டியது. நீதிமன்றில் நடந்துகொண்டிருக்கும் வழக்கைத் தொடவே வேண்டாம். முடிந்த வழக்கிலும் பெயரை மாற்றினால் மட்டும் காணாது. இங்கே ஒழுங்கையைச் சொன்னாலே ஆள் யாரென்று சொல்லிவிடுவார்கள். காலம், தொழில், சாகும் விதம் மூன்றையும் மாற்றினால்தான் செத்தவரின் குடும்பத்தை நோகடிக்காமல் இருக்கலாம். மதம் சம்பந்தப்பட்ட கதையென்றால் ஒரு சட்டத்தரணியின் கண்ணில் காட்டிவிடுவது புத்தி. 2019இல் ஒரு சிறுகதைக்காகச் சிங்கள எழுத்தாளர் ஒருவர் ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தின் கீழ் கைதாகி மாதக்கணக்கில் விளக்கமறியலில் இருந்தார். எழுதாதே என்று சொல்லவில்லை, தெரிந்துகொண்டு எழுதுங்கள் என்கிறேன்.

அச்சும் காசும்

சென்னைப் பதிப்பகம், கொழும்புப் பதிப்பகம், உள்ளூர் அச்சகம், மின்னூல். நான்கும் மேசைக்கு வந்தன.

சென்னையில் போட்டால் ஜனவரிப் புத்தகக் காட்சியில் இருக்கும், தமிழ்நாட்டு வாசகர் கண்ணில் படும். ஆனால் பிரதி இங்கே கப்பலேறி வந்து சேர நாளாகும், வந்து சேரும் விலையும் எங்கள் மாணவர்களுக்கு எட்டாது. இன்னொரு பயமும் இருக்கிறது. "மறுகா" (பிறகு), "கிறுகி" (திரும்பி) போன்ற எங்கள் பேச்சுச் சொற்களைப் பிழையென்று நினைத்து அங்கே திருத்திவிடுவார்கள். கொழும்பில் நல்ல தரத்தில் அச்சாகும். ஆனால் கடைசி நேரத்தில் ஒரு பக்கத்தை மாற்ற வேண்டுமென்றால் இரவு ரயிலைத்தான் பிடிக்க வேண்டும். உள்ளூர் அச்சகத்தில் அட்டையின் பளபளப்புக் கொஞ்சம் குறையலாம். ஆனால் கணினிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து ப்ரூப் பார்க்கலாம். முதலில் சொன்ன அளவுகோலின்படி எனக்கு அதுவே பெரிய விஷயம். ஆகவே உள்ளூர் அச்சகம். மின்னூலைப் பிறகு யோசிக்கலாம். கிண்டிலில் தமிழ் ஏறும், புலம்பெயர்ந்த உறவுகள் வாசிப்பார்கள், ஆனால் அதை மட்டும் நம்பினால் வாகரைக்கும் பொத்துவிலுக்கும் புத்தகம் போய்ச் சேராது.

கணக்கு இப்படி வரும். கதைக்கு 3,000 சொல் என்று வைத்தால் 12 கதைக்கு 36,000. பக்கத்துக்கு 200 சொல் பிடித்தால் 180 பக்கம், முன்பக்கங்களோடு 192. 16 பக்க மடிப்பில் சரியாக 12. அதனால் "என்ர கதை கொஞ்சம் நீண்டிட்டு" என்று வருபவருக்கு விட்டுக்கொடுக்க இடமில்லை. 300 பிரதி போதும். 500 போட்டால் ஒரு பிரதியின் அடக்கவிலை குறையும் என்று அச்சகத்தில் ஆசை காட்டுவார்கள், குறையும்தான். ஆனால் மிஞ்சும் 200 யாருடைய வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடக்கும்? 2022க்குப் பிறகு கடதாசி விலை ஏறிய ஏற்றத்தில் அந்தச் சூதாட்டம் வேண்டாம். ஐ.எஸ்.பி.என். எனும் சர்வதேச தர நூல் இலக்கத்துக்குத் தேசிய நூலகச் சபைக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், கடைசி வாரத்தில் ஓடக்கூடாது.

முதலுக்கு ஒரு புரவலரைப் பிடிப்பதா, எல்லோரும் பங்கு போடுவதா? புரவலர் வந்தால் அவருடைய வாழ்த்துரையும் வரும், படமும் வரும். அவருடைய தம்பியின் கதையும் வரலாம். பங்குதான் நல்லது, ஆனால் பங்கு போட்டதால் கதை கட்டாயம் சேரும் என்ற எண்ணம் வராதபடி இரண்டையும் பிரித்து வைக்க வேண்டும். பங்கு கட்டியவர் கதை விழுந்தால் காசுக்குப் பதில் பிரதி வாங்கிக்கொள்ளட்டும்.

போட்ட காசு திரும்பி வருவது கடையில் இல்லை, வெளியீட்டு விழாவில்தான். முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று மேடைக்குக் கூப்பிட்டு, வருகிறவர்கள் என்வலப்பில் வைத்துக் கொடுப்பதுதான் எங்கள் பதிப்புத் தொழிலின் முதுகெலும்பு. அதனால் ஒரு விழாவை இரண்டாக்கலாம்: மட்டக்களப்பில் ஒன்று, கல்முனையில் ஒன்று. பேச்சாளர்களிடம் முன்கூட்டியே ஒன்றைக் கெஞ்சிக் கேட்க வேண்டும். நூல் ஆய்வுரை என்றால் எங்கள் ஆட்கள் கதையை முழுவதுமாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். குற்றக்கதைத் தொகுப்புக்கு அப்படிச் செய்தால் மண்டபத்தில் இருப்பவர் எதற்குப் புத்தகம் வாங்க வேண்டும்?

பதிப்புரிமை அவரவர் கதைக்கு அவரவரிடமே இருக்கட்டும். தொகுப்பில் ஒருமுறை அச்சிடவும் மின்னூலாக்கவும் அனுமதி என்று ஒரு பக்கக் கடிதம், இரண்டு கையெழுத்து, ஆளுக்கு ஐந்து பிரதி. வரவு செலவுக் கொப்பி இரண்டு, ஒன்று மட்டக்களப்பில் ஒருவரிடம், மற்றது கல்முனையில் ஒருவரிடம். மாதக் கூட்டத்தில் இரண்டையும் வைத்துப் பார்த்து, ஒத்து வந்தால் மட்டுமே அடுத்த காசு கைமாறும்.